புரொபசர் பத்துமலை சோறு சாப்பிட்ட கதை

பத்துமலைக்கு வலது கைக் கட்டைவிரல் பாதிதான். மீதிப் பாதியை ஆறாங்கட்டைத் தோட்டத்து ரப்பர் மிஷின் ஒரே வாயில் சாப்பிட்டுவிட்டது. அதற்கப்புறம் அஞ்சு வருஷம், நாலு பேர் முன்னால் ஒரு வாய் சோறு சாப்பிட முடியாமல் பத்துமலைதான் கிடந்து அல்லாடினான். ஈப்போ டவுனில் அவன் பெரிய வித்தைக்காரன் ஆனது அந்த விரலால்தான். ஆனபிறகு பட்ட பாடும் அதனால்தான்.

நடந்தது 1921-ல். மரம் சீவி எடுத்த பாலை உறைய வைத்து, வெள்ளைக் கட்டி ஆனதும் இரண்டு இரும்பு உருளைக்கு நடுவில் விட்டு ஷீட்டாக அழுத்துவார்கள். ஒருவன் கைப்பிடியைச் சுற்றுவான், இன்னொருவன் கட்டியை உள்ளே தள்ளுவான். பத்துமலை தள்ளுகிறவன், வயது இருபத்திரண்டு. சுற்றியவன் அவன் கூட்டாளி சீனி. அன்றைக்குச் சீனி ஒரு சிரிப்புக் கதை சொல்லிக்கொண்டே சுற்றினான். கதை நல்ல கதைதான் போல. பத்துமலை சிரித்து முடிப்பதற்குள் விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் மிச்சத்தைச் சீராக வெட்டித் தைத்து அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் பொம்பளைகளோடு சேர்த்துப் புல்லு வெட்டப் போட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அம்மா வீரம்மா, கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவக்கூட விரல் இல்லாதவனுக்கா பொண்ணக் குடுப்பேன்?” என்றாள். அந்தப் பேச்சு விரலைவிட அதிகமாக வலித்தது. அன்றிலிருந்து வேலை இல்லாத நேரமெல்லாம் வலது கையை வேட்டி மடிப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

ஒரு நாள் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. நல்லாயிருந்த இடது கட்டைவிரலைப் புதுப் பாலில் முக்கினான். காய வைத்தான். மறுபடி முக்கினான். பன்னிரண்டு தடவை முக்கிக் காயவைத்து, கையுறை மாதிரி உரித்து எடுத்தான். அதைக் கொண்டுபோய், ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்துகிற புகைக்கூண்டில் நாலு நாள் தொங்கவிட்டான். புகை பட்ட ரப்பர் என்ன நிறமாகும் என்று தோட்டத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிட்டத்தட்ட பத்துமலை நிறம். நகத்துக்கு ஒரு மீன் செதிலை நறுக்கி ஒட்டினான். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் பிரம்மாவே ‘இது நான் செஞ்சதுதான்’ என்று ஒத்துக்கொள்வார்.

மாட்டிப் பார்த்தான். உள்ளே அரை விரல்தான் போயிற்று. முன்பாதி காலி. அந்தக் காலி இடத்தை நினைத்து முதலில் வருத்தப்பட்டான். ஒரு வாரம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது. ஒரு துண்டு வெல்லத்தை அதற்குள் ஒளித்துக்கொண்டு, கூட்டாளிகள் முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஒன்றுமில்லை. ‘சூ’ என்றான். வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். லயமே கூடிவிட்டது. இரண்டு வருஷம் முன்னால் அவன் கையைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்றவர்கள் எல்லாம் இப்போது அதே கையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். இந்த ருசி கண்டவன் புல்லு வெட்டுவானா?

1923-ல் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தான். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் ஊமைப் படம் ஓடும். ஒரு சுருள் முடிந்து அடுத்த சுருள் மாட்டுவதற்குள் சனங்கள் கச்சான் கடலைத் தோலை எறிந்து ரகளை பண்ணும். அந்த நேரத்தில் மேடையில் பாட்டு, கூத்து, குட்டிக்கரணம் என்று எதையாவது விட்டுச் சமாளிப்பது ஷரபுதீன் என்ற மேனேஜரின் வேலை. பத்துமலை அவர் மேசை முன்னால் நின்று, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, வெறுங்கையைக் காட்டி, இரண்டு முழச் சிவப்புப் பட்டுத் துணியை உருவி எடுத்தான். மற்ற வித்தைக்காரர்கள் பெட்டி, மேசை, கறுப்புத் துணி என்று ஒரு மாட்டுவண்டிச் சாமானோடு வருவார்கள். இவன் வெறுங்கையோடு வந்திருந்தான்.

ஷரபுதீன் எழுந்தே நின்றுவிட்டார். “பேரு?”

“பத்துமலை, பாய்.”

“இன்னிக்கிலேர்ந்து புரொபசர் பத்துமலை, மெட்ராஸ்.”

“நான் மெட்ராஸப் பார்த்ததே இல்ல பாய்.”

“மெட்ராஸும் உன்னப் பார்த்ததில்ல. சரியாப் போச்சு.”

ஒரு மாசத்தில் விரல் விஷயம் பாய்க்குத் தெரிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. “இது உனக்கும் எனக்கும் அல்லாவுக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும் தம்பி. நாலாவது ஆளுக்குத் தெரிஞ்சா, அன்னைக்கே நீ மறுபடி தோட்டத்துக்குப் போக வேண்டியதுதான்” என்று மட்டும் சொன்னார்.

அந்த விரலை எந்நேரமும் மாட்டிக்கொண்டு திரிவது ஒன்றும் கஷ்டமில்லை. சாப்பாடுதான் கஷ்டம். சுடுசோற்றில் கை வைத்தால் ரப்பர் இளகிவிடும். பிசுபிசுவென்று ஒட்டும், தோட்டத்து ரப்பர் ஸ்டோர் வாசம் அடிக்கும். ஒரு தடவை அறையில் தனியாக இருந்தபோது சோதனை பண்ணிப் பார்த்தான். சோற்றுருண்டையோடு விரலும் கழன்று வாய்க்குள் போய்விட்டது. தன் விரலைத் தானே முழுங்கிச் செத்தவன் என்ற பேர் அவனுக்குக் கிடைக்காமல் போனது மயிரிழையில்தான். அதனால் கடையில் பொட்டலம் வாங்கி வந்து, கதவைச் சாத்தி, விரலைக் கழற்றி வைத்துவிட்டு, நாலரை விரலில் சாப்பிடுவான்.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. ரோடு காண்டிராக்டர் ராமையா வீட்டு விருந்தில் வந்தது வினை. வித்தையைப் பார்த்துச் சொக்கிப்போன ராமையா அவனைத் தலைவாழை இலை முன்னால் உட்கார வைத்தார். ஆவி பறக்கிற சோறு, அதன்மேல் கொதிக்கிற சாம்பார். நாற்பது பேர் அவன் கையையே பார்க்கிறார்கள், வித்தைக்காரன் கையாச்சே. இடது கையால் சாப்பிட்டால் அது அசிங்கம். வலது கையால் சாப்பிட்டால் விரல் சாம்பாருக்குள். பத்துமலைக்கு வேர்த்துவிட்டது.

“மன்னிக்கணும்ங்க” என்று வாய் தானாகச் சொல்லிற்று. “நான் வெளிய சோறு சாப்பிடுறதில்ல. முருகனுக்கு விரதம்.”

சபையே ‘ஆ’ என்றது. ராமையாவின் சம்சாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் கொண்டு வந்தாள். பழத்தை ரப்பர் விரலாலும் உரிக்கலாம். பத்துமலை தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு தின்றான்.

ஈப்போவில் ஒரு பேச்சு கிளம்பினால் அது வளர்ந்துதான் வீடு திரும்பும். ‘வெளிய சோறு சாப்பிடமாட்டாரு’ என்பது ஒரு வாரத்தில் ‘சோறே சாப்பிடமாட்டாரு’ ஆயிற்று. ஒரு மாசத்தில், ‘சோறு தொடாததாலதான் அந்தக் கைக்கு அப்படி ஒரு சக்தி’ என்று பசாரில் பேசிக்கொண்டார்கள். ஷரபுதீன் பாய் சும்மா இருப்பாரா? ‘சோறுண்ணாத புரொபசர்’ என்று சிவப்பு எழுத்தில் நோட்டீஸ் அடித்துவிட்டார்.

அடுத்த நாள் பத்துமலை வழக்கமான கடைக்குப் போய்ப் பொட்டலம் கேட்டான். கடைக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“சாமி, என்னையச் சோதிக்காதீங்கலா. ஒங்க விரதத்தக் கெடுத்த பாவம் எனக்கு வேணாம்.”

“அண்ணே, பசிக்குதுண்ணே.”

“எம்புட்டுப் பெரிய மனசு! எங்களுக்காகப் பசியத் தாங்குறீங்களே!” என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து அனுப்பினான்.

எல்லாக் கடையிலும் இதே கதைதான். எல்லாருக்கும் அவன்மேல் பிரியம், அதனால் ஒருத்தனும் சோறு போடவில்லை. வெறுத்துப்போய் ஊரின் அடுத்த கோடியில் ஆ லோக் என்ற சீனரின் கஞ்சிக் கடைக்குப் போனான். அங்கே கரண்டி கொடுப்பார்கள், கை படாமல் குடிக்கலாம். ஆ லோக்கும் படக் கொட்டகைக்குப் போகிற ஆள்தான். இவன் முகத்தைப் பார்த்ததும், “ஐயோ, தா போலே, தா போலே!” என்று, கூடவே கூடாது என்கிற அர்த்தத்தில் தலையாட்டி, கஞ்சிச் சட்டியை மூடிவிட்டு, ஒரு தட்டில் இரண்டு ஆரஞ்சை வைத்துக் குனிந்து நீட்டினார்.

சரி, நாமே பொங்கிக்கொள்வோம் என்று அரிசி வாங்கி அறையில் அடுப்பு மூட்டினான். சோறு கொதித்த வாசத்துக்குக் கீழ்வீட்டுக் கருப்பம்மாள் மாடியேறி வந்துவிட்டாள். பானையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “தான் சாப்பிடாட்டியும் ஏழை பாழைக்குப் பொங்கிப் போடுதே இந்த மகராசன்!” பானையைத் தூக்கிக்கொண்டு போய் அக்கம்பக்கம் எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தாள். மறுநாள் காலையிலிருந்து அவன் வாசலில் ஏழெட்டுப் பேர் தட்டோடு வரிசையில் நின்றார்கள்.

பாய் இரண்டு தடவை வீட்டிலிருந்து சோறு கொண்டு வந்தார். அவர் சம்சாரம் பல்கீஸ் கைப்பக்குவம் கொட்டகை முழுக்க மணந்தது. டிக்கெட் கிழிக்கிறவன் மோப்பம் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். “பிரியாணி வாசத்த எந்தப் பெட்டியில வச்சுப் பூட்டுறது தம்பி?” என்று பாயும் கைவிட்டார்.

அப்புறம் மூன்று வருஷம் பாலும் பழமும்தான். கொட்டகையில் கைதட்டு வானைப் பிளக்கும். அறைக்குத் திரும்பினால் கட்டிலுக்குக் கீழே வாழைத்தார். சில நாள் அவன் கனவில் வெள்ளைச் சோறு வரும். வெறும் சோறுதான், குழம்புகூட இல்லாமல். அதையும் எழுந்திருக்கும்போது யாரோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

1926-ல் ஒரு மத்தியானம் ஈப்போவை ஒட்டிய சிலிபின் பக்கம் நடந்து போனபோது கருவாட்டுக் குழம்பு வாசம் அவனைப் பிடித்து நிறுத்திவிட்டது. ரயில்வே வேலைக்காரர்களுக்குச் சோறு போடுகிற ஒரு கீற்றுக் கொட்டாய். நடத்துகிறவள் ராக்காயி. முப்பது வயது. புருஷன் மலேரியாவில் போனபிறகு தோட்டத்தை விட்டு வந்து கடை போட்டவள். ஆள் நல்ல அகலம், குரல் அதைவிட அகலம்.

“என்னா சாமி, ரொம்ப நேரமா நிக்கிறீங்க? பஸ்ஸு ஏதும் வருதா?”

“இல்ல, சும்மா.”

“சும்மா நிக்கிறவன் கண்ணு குழம்புச் சட்டிக்குள்ள இருக்காது.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெயபாலன் என்கிற ரயில்வேக்காரன் பதறிப்போனான். “அக்கா, வாய அளந்து பேசு. அவரு சோறு தொடாத மகான்.”

“மகானா? எனக்கென்னமோ பசிச்ச மூஞ்சி மாதிரிதான் தெரியுது.”

மூன்று வருஷத்தில் அவன் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். பத்துமலைக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து ஜெயபாலன், ‘சாமி மனசு நொந்துபோச்சு’ என்று ராக்காயியைத் திட்டினான்.

அதற்கப்புறம் தினமும் அந்தப் பக்கம் வந்து நிற்க ஆரம்பித்தான். ஒரு நாள் ராக்காயி, யாரும் பார்க்காமல் சோறும் கருவாடும் கட்டி, மேலே நாலு வாழைப்பழத்தை வைத்து மறைத்து அவன் கையில் கொடுத்தாள். அறைக்குப் போய் அவன் அதைத் தின்ற அழகை எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பசி எடுக்கும். ஆனால் கருவாடு சும்மா இருக்குமா? வாசத்தைப் பிடித்துக் கருப்பம்மாள் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சிலிபினுக்கு வந்து, “சாமியக் கெடுக்கப் பாக்குறியாடி?” என்று கடை முன்னால் மண்ணை வாரித் தூற்றினார்கள். இரண்டு வாரம் ஒரு ஆள் அங்கே சாப்பிட வரவில்லை.

பத்துமலை கூனிக் குறுகிப் போய் நின்றான். சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது ஒன்று.

“என்னையக் கட்டிக்கிறியா ராக்காயி?”

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்தவில்லை.

“கட்டிக்கலாம். எனக்கும் ஒன்னப் பிடிக்கும். ஆனா சாமியாரக் கெடுத்தவன்னு பேரு வாங்கிக்கிட்டு என்னால இந்த ஊருல ஒரு உலை வைக்க முடியாது. நாலு பேரு பாக்க, என் கடையில, பட்டப்பகல்ல ஒக்காந்து சோறு சாப்பிடு. நீயாத்தான் சாப்பிட்டன்னு ஊருக்குத் தெரியட்டும். அப்பறம் பேசுவோம்.”

கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் சோறு சாப்பிட வேண்டுமானால் விரலைக் கழற்ற வேண்டும். விரல் கழன்றால் புரொபசரும் கழன்றுவிடுவார். மிச்சம் இருப்பது ஆறாங்கட்டைத் தோட்டத்தில் பொம்பளைகளோடு புல்லு வெட்டின பத்துமலை. அவளுக்கு இன்னும் விரல் சமாசாரம்கூடத் தெரியாது. பார்த்தால் அவளும் வீரம்மா கேட்ட மாதிரிக் கேட்டுவிட்டால்?

நாலு நாள் யோசித்தான். ஷரபுதீன் பாயிடம் போய்ச் சொன்னான். பாய் மேசைமேலிருந்த நோட்டீஸ் கட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“போ. தடுக்கமாட்டேன். ஆனா நீ அங்க விரலக் கழட்டுன நிமிஷம், இங்க ஒன் பேருல நோட்டீஸ் கிடையாது. அது எனக்கே வருத்தந்தான்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பத்துமலை சிலிபினுக்குப் போனான். புரொபசர் வருகிறார் என்றதும் ரயில்வே லைன் முழுக்கக் கூடிவிட்டது. மரத்தில்கூட ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவன் பலகையில் உட்கார்ந்தான்.

“இலை போடு ராக்காயி.”

இலை விழுந்தது. சோறு விழுந்தது. கூட்டத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. பத்துமலை வலது கையை எல்லாரும் பார்க்கத் தூக்கினான். இடது கையால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தான். ‘பளக்’ என்று கழன்று வந்தது. வழவழவென்று தையல் விழுந்த மொட்டை விரல் வெயிலில் நின்றது.

“நான் சாமியும் இல்ல, புரொபசரும் இல்ல” என்றான். “இது ரப்பர் விரலு. என் விரலு மிஷின்ல போச்சு. எனக்கு விரதமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஒங்கள ஏமாத்திட்டேன். மன்னிச்சிருங்க.”

மரத்துமேலிருந்து ஒருத்தன் கத்தினான்.

“டேய்! விரலையே கழட்டிட்டாருடோய்!”

அவ்வளவுதான். கைதட்டு இடி மாதிரி விழுந்தது. விசில் பறந்தது.

“ரத்தமே வரல பாத்தியா!”

“புரொபசர், மறுபடி ஒட்டிக் காட்டுங்க!”

“ஐயா, இது வித்தை இல்ல! சத்தியமா!” என்று பத்துமலை அலறினான்.

“சத்தியம் வேற பண்றாருலா! என்னா நடிப்பு!”

அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. குனிந்து சோற்றைப் பிசைந்து வாயில் போட்டான். மூன்று வருஷப் பசி. அள்ளி அள்ளித் தின்றான். கூட்டம் மறுபடி அடங்கிவிட்டது. ஜெயபாலன் முட்டி போட்டுப் பலகைக்கு அடியில் எட்டிப் பார்த்தான். இன்னொருத்தன் சட்டைக் கையைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை.

“வாய்க்குள்ள போற மாதிரிதான் தெரியுது மச்சான். ஆனா வயித்துக்குப் போகல.”

“பின்ன எங்க போகுது?”

“அது தெரிஞ்சா நான் ஏன் ரயிலுக்குக் கரி அள்ளுறேன்?”

மூன்றாவது தடவை சோறு வாங்கித் தின்றபோது, மண்ணை வாரித் தூற்றிய பெண்களே முன்வரிசையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. ராக்காயி எச்சில் இலையை எடுத்தாள். அவன் மொட்டை விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“கத்தியா, ஷீட் மிஷினா?”

“ஷீட் மிஷின்.”

“எங்கண்ணனுக்கு ரெண்டு விரலு அதுலதான் போச்சு. அப்ப யாரும் கை தட்டல.”

“நீ நம்புறியா?”

“இதுல நம்புறதுக்கு என்னா இருக்கு? இல்லாத விரலு இல்லாததுதான.”

பத்துமலை தலையைக் கவிழ்த்துக்கொண்டான். “எல்லாரும் பாக்கத்தான் சாப்பிட்டேன் ராக்காயி. ஒருத்தனும் பாக்கலையே.”

“நீ சாப்பிட்ட. நான் போட்டேன். அவங்க கண்ணு அவிஞ்சு போனதுக்கு நீ என்னா பண்ணுவ? கல்யாணத்துக்கு நாள் பாரு” என்றாள்.

விரல் கழன்றால் நோட்டீஸ் கிடையாது என்று சொன்ன ஷரபுதீன் பாய், மறுநாளே பழையதைவிட இரண்டு மடங்கு பெரிய நோட்டீஸ் அடித்தார். ‘உண்ட சோறு எங்கே? புரொபசர் பத்துமலையின் புதிய அதிசயம்!’ இனிமேல் தினமும் மேடையில் இலை போட்டுச் சோறு சாப்பிட வேண்டும். சபையிலிருந்து இரண்டு பேர் ஏறி வந்து சட்டை, வேட்டி, பலகை எல்லாம் சோதிப்பார்கள். “வேணாம் பாய்” என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். “நான் என்ன தம்பி பண்ணட்டும்? நீ வரலைன்னா கொட்டகையக் கொளுத்திருவாங்க” என்றார் பாய். அவர் பயமும் பொய்யில்லை. ஒரு நாள் மேடையில் பாதிச் சோற்றில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்குத்தான் கைதட்டு அதிகம்.

கல்யாணம் சிலிபினில் ஒரு சின்ன மாரியம்மன் கோயிலில் நடந்தது. கூப்பிட்டது முப்பது பேரை, வந்தது முந்நூறு பேர். பண்டாரம் தாலியை எடுத்துக் கொடுத்தார், பத்துமலை கட்டினான். விசில் அடித்தார்கள். தாலி எப்போது காணாமல் போகும் என்று வெகுநேரம் காத்திருந்துவிட்டுத்தான் பந்திக்கு வந்தார்கள்.

நீளமாகப் பாய் விரித்து இலை போட்டிருந்தது. எல்லார் இலையிலும் சோறு விழுந்தது. ஒருத்தரும் கை வைக்கவில்லை. முந்நூறு பேரும் மாப்பிள்ளையின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

“சோறு ஆறுதுல்ல, சாப்பிடுங்க!” என்று மாலையும் கழுத்துமாக ராக்காயி அதட்டினாள்.

“நீங்க ஆரம்பிங்க புரொபசர்” என்று சனம் சொன்னது.

பத்துமலை கையை இலைக்குக் கொண்டு போனான். திரும்ப எடுத்துக்கொண்டான். மறுபடி கொண்டு போனான், முடியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராக்காயி எழுந்தாள். தன் இலையை அப்படியே தூக்கி, அவன் இலைக்கு எதிரே போட்டாள். சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புடவையை நன்றாக விரித்து, அவனுக்கு நேர் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பொண்ணு இப்படிப் பந்தியில் முதுகு காட்டி உட்காருவதை யாரும் பார்த்ததில்லை. முணுமுணுத்தார்கள்.

“சாப்பிடுய்யா” என்றாள் மெல்ல.

“தெரியலக்கா, கொஞ்சம் தள்ளி ஒக்காரு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அவள் நகரவில்லை. பத்துமலை சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.